பென்டிரைவில் எல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆகிடுச்சா? அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணாதீங்க!

சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் பிரிண்ட் எடுத்துவிட்டு, கடலூரில் வீட்டுக்கு வந்து பென்டிரைவைச் செருகுகிறீர்கள். ஃபோல்டர்களைக் காணோம், எல்லாமே ஷார்ட்கட். ‘ஆறு மாச உழைப்பு போச்சே’ என்று பதற வேண்டாம். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

என்ன நடக்கிறது?

இது ‘வோர்ம்’ வகை வைரஸ். ஃபைல்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதை கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும். கூடவே வைரஸும் இயங்கும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவிலும் தன்னை நகலெடுக்கும். இன்டர்நெட்டே தேவையில்லை. பல பேர் வந்துபோகும் கடை கம்ப்யூட்டர் அதற்கு பஸ் ஸ்டாண்டு மாதிரி.

ஏன் ஷார்ட்கட்?

முன்பு பென்டிரைவைச் செருகினாலே ‘ஆட்டோரன்’ வழியாக வைரஸ் ஓடிவிடும். 2008-ல் பரவிய ‘கான்ஃபிக்கர்’ இதையும் பயன்படுத்தியது. 2011-ல் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் இந்த வழியை அடைத்தது. அதனால் வைரஸுக்கு நம்முடைய கிளிக் தேவைப்படுகிறது. விதிவிலக்கும் உண்டு: ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்து, இந்தியாவிலும் பரவிய ‘ஸ்டக்ஸ்நெட்’ (2010), ஐகான் திரையில் தெரிந்தாலே உள்ளே நுழைந்தது.

என்ன செய்யலாம்?

* ஷார்ட்கட்டைத் தொடாதீங்க.
* ஆன்டிவைரஸ் உள்ள கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யுங்கள்.
* ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், மறைக்கப்பட்ட ஃபைல்களும் சிஸ்டம் ஃபைல்களும் தெரியும்படி மாற்றுங்கள்.
* உங்கள் ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்த பிறகே ஃபார்மட்.
* மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் இலவச டூல்கள் உள்ளன.

அடுத்த முறை பிரிண்டுக்கு பிடிஎஃப்-ஐ மெயிலில் அனுப்பிடுங்க. பென்டிரைவ் பையிலேயே இருக்கட்டும்.