மேடேறினால்தான் லிஸ்பன்

லிஸ்பனில் சமதளம் என்றால் ஆற்றங்கரையும் அதையொட்டிய சில தெருக்களும்தான். மற்றதெல்லாம் மேடு. தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில், ஏழு குன்றுகளின் மேல் எழுந்த ஊர் என்று போர்ச்சுகல்காரர்கள் தங்கள் தலைநகரைச் சொல்வார்கள். நேராகப் போய்க்கொண்டிருக்கும் தெரு திடீரென்று படிக்கட்டாகிவிடும். படி முடிகிற இடத்தில் யாருடைய வீட்டு வாசலோ வரும். அதைத் தாண்டினால் இன்னொரு ஏற்றம்.

இந்த ஊர்க்காரர்கள் மேடேற எப்போதும் ஓர் இயந்திரத்தைத் தேடியிருக்கிறார்கள். பழனி மலையின் விஞ்ச் போலக் கம்பிவடத்தில் இழுபடும் பெட்டிகளை 1884இல் லாவ்ராவிலும், 1885இல் குளோரியாவிலும், 1892இல் பிக்காவிலும் ஓடவிட்டார்கள். 1902இல் கீழ்த்தெருவையும் மேல்தெருவையும் இணைக்க 45 மீட்டர் உயர இரும்பு லிஃப்ட் ஒன்றை ஊர் நடுவே நிறுத்தினார்கள். கூடவே மஞ்சள் டிராம். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா பெட்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். லிஸ்பன்காரர்களுக்கு அது வேடிக்கை வண்டி அல்ல, தாத்தா காலத்திலிருந்து வேலைக்குப் போய்வந்த வண்டி. அந்தத் துக்கம் ஊரைவிட்டு இன்னும் போகவில்லை.

இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது பேட்டரி சைக்கிள். ஐரோப்பியச் சட்டப்படி இதன் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. பெடலை மிதித்தால்தான் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவியை நிறுத்திக்கொள்ளும். மொபெட் அல்ல, மிதிக்கத்தான் வேண்டும். ஆனால் பத்தாவது மாடி உயரத்துக்கு ஏறும் தெருவில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். மாநகராட்சியே 2017இல் 'ஜீரா' என்ற வாடகை சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் பெரும்பகுதியை மின்சார வண்டிகளாக வைத்ததற்கு இந்த மேடுகள்தான் காரணம்.

வழிகாட்டியோடு ஒரு சிறு குழுவாக இந்த சைக்கிளில் ஊரைச் சுற்றிச் சாப்பிட்டு வரும் அரைநாள் பயணங்கள் இப்போது லிஸ்பனில் நிறைய நடக்கின்றன. அப்படி ஒன்றில் சேர்ந்துகொண்டேன். சைக்கிளை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே சுற்றலாமே என்று தோன்றும். முதல் முறை வேண்டாம் என்பேன். டிராம் தண்டவாளம் தெருவோடு தெருவாகப் பதிந்திருக்கிறது; அதைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்காவிட்டால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். நடைபாதையெங்கும் கையால் பதித்த சிறு சுண்ணாம்புக்கற்கள். நூறாண்டுக் காலடியில் வழுவழுத்துப்போனவை, தூறல் விழுந்தால் சோப்பு தடவிய மாதிரி வழுக்கும். இதெல்லாம் ஊர்க்காரர் சொல்லித்தான் தெரியும். எந்தக் கதவுக்குப் பின்னால் சாப்பாடு இருக்கிறது என்பதும் அப்படியே.

எங்கள் வழிகாட்டி மொராரியா பகுதியில் வளர்ந்த இளம்பெண். கிளம்புமுன் அவர் சொன்னது இது: "கீழே இருப்பது அரசர்கள் கட்டிய லிஸ்பன். மேலே இருப்பது சமைக்கிற லிஸ்பன்." வழிநெடுக அவர் காட்டியதெல்லாம் இதற்கான சாட்சிதான்.

கீழ் லிஸ்பனுக்குப் பெயர் பைஷா. கட்டம் போட்டதுபோல் நேர்நேரான தெருக்கள்; பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, துணி வணிகர் தெரு என்று தொழில் வாரியாகப் பெயர்கள். இத்தனை ஒழுங்கு வந்தது ஒரு பேரழிவிலிருந்து. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு மாதா கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் தண்ணீர் உள்வாங்கியதைப் பார்த்து நின்றார்கள். அடுத்து வந்த அலை அவர்களை வாரிக்கொண்டது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. 2004 டிசம்பரில் நாகையிலும் வேளாங்கண்ணியிலும் கடல் செய்ததைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மன்னரின் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்டவர், பழைய சந்துகளைத் திரும்பக் கட்டவிடவில்லை. சுவர்களுக்குள் மரச்சட்டங்களால் கூண்டு கோத்து, அதிர்வு வந்தால் கட்டடம் ஆடுமே தவிர உதிராதபடி புது வீடுகளை அமைத்தார்கள். மாதிரிச் சட்டத்தைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள். நில அதிர்வுக்கென்றே திட்டமிட்டு எழுப்பிய நகரப் பகுதிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இது ஒன்று. சைக்கிளில் போகும்போது அந்தச் சுவர்கள் சாதாரணமாகத்தான் தெரிகின்றன. உள்ளே கூண்டு இருப்பது தெரிந்தபின் அப்படித் தெரிவதில்லை.

பைஷாவின் ஓரத்தில் பக்கல்யாவ் வணிகர் தெரு. பக்கல்யாவ் என்றால் உப்பிட்டு உலர்த்திய காட் மீன், கருவாடுதான். வியப்பு என்னவென்றால் இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து பக்கக் குளிர்கடலிலிருந்து வருவது. ஐந்நூறு ஆண்டுகளாகத் தொலைதூரக் கடலுக்குப் போய் அதைப் பிடித்து, உப்பிட்டுக் கொண்டுவந்து, அதையே தங்கள் தேசிய உணவாக்கிக்கொண்டார்கள். பலகை மாதிரி விறைத்த மீனை ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்குகிறார்கள். நாரெடுத்து, வதக்கிய வெங்காயத்தோடும் குச்சிகுச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கோடும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் 'பக்கல்யாவ் ஆ பிராஸ்'. நம் முட்டைப் பொடிமாஸில் கருவாடு சேர்ந்த ருசி. நாடு விட்டு நாடு போய் இவ்வளவு சீக்கிரம் நாக்குக்குப் பழகிய உணவு எனக்கு வேறில்லை.

பைஷாவின் மறுமுனையில், சாவோ தொமிங்கோஸ் சதுக்கத்தில் சிறு கடை ஒன்றில் 1840 முதல் ஜின்ஜின்யா விற்கிறார்கள். புளிப்புச் செர்ரியைச் சர்க்கரையோடு ஊறவைத்த மது. பழத்தோடா, பழமில்லாமலா என்று மட்டும் கேட்டுச் சின்னக் கோப்பையில் ஊற்றுவார்கள். நின்றபடியே குடித்துவிட்டுப் போக வேண்டியது. எங்கள் வழிகாட்டி அதைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் என்று தள்ளிவைத்தார், சரியான முடிவு. அதற்குப் பதிலாக எதிரிலிருந்த தேவாலயத்துக்குள் கூட்டிப்போனார். 1755 நில அதிர்விலும் 1959 தீவிபத்திலும் அடிபட்ட கோயில். வெடித்த தூண்களையும் கரிந்த கற்களையும் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். 1506இல் இந்தக் கோயிலிலிருந்து கிளம்பிய கும்பல், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களைச் சில நாள்கள் வேட்டையாடி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2008இல் வைத்த நினைவுக்கல் சதுக்கத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி இன்று கினி-பிசாவ்விலிருந்து வந்தவர்கள் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள்.

அங்கிருந்து பெடலை அழுத்தினால் மொராரியா. 1147இல் முதல் அஃபோன்ஸோ மன்னர் முஸ்லிம்களிடமிருந்து லிஸ்பனைக் கைப்பற்றியபின், தோற்றவர்களை ஒதுக்கிவைத்த சரிவு. ஒதுக்கப்பட்டவர்களின் பேட்டையாகவே நூற்றாண்டுகள் இருந்தது. போர்ச்சுகலின் ஏக்கப்பாட்டான ஃபாதோவின் முதல் புகழ்பெற்ற பாடகி மரிய செவேரா 1846இல், 26 வயதில், இந்தச் சந்துகளில்தான் இறந்தார்.

இப்போது இங்கே வங்கதேசத்து மளிகைக்கடை, நேபாளத்து உணவகம், சீனத்துக் காய்கறிக்கடை, ஆப்பிரிக்க முடிதிருத்தகம். கொத்தமல்லி வாசனை தெருமுனைக்கே வந்துவிடுகிறது. வழிகாட்டி நிறுத்திய சிறு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக அடுக்கியிருந்தது 'ஷமூசா'. நம் சமோசாவேதான், உருளைக்கிழங்குக்குப் பதில் காரமான கொத்துக்கறி. லிஸ்பனின் எந்த மூலைக் காப்பிக்கடையிலும் இது கிடைக்கும்; ஊர்க்காரர்கள் இதைத் தங்கள் பண்டமாகவே நினைக்கிறார்கள். கோவாவிலிருந்து வந்தவர்களும், 1975இல் மொசாம்பிக் விடுதலையடைந்தபின் அங்கிருந்து கிளம்பிவந்த இந்திய வம்சாவளியினரும் கொண்டுவந்த பண்டம். பக்கத்துச் சந்தில் கேப் வெர்டேயின் கச்சூப்பா: சோளமும் பயறும் இறைச்சியும் மணிக்கணக்கில் கொதித்த கஞ்சி. இன்னொன்றில் அங்கோலாவின் செம்பனை எண்ணெய்க் கோழிக்குழம்பு. போர்ச்சுகல் கப்பல்கள் போய்த்தொட்ட கரைகளெல்லாம் இந்தச் சரிவில் அடுப்பு மூட்டியிருக்கின்றன. நம்மிடமிருந்து மிளகு இங்கே வந்தது. இவர்கள் கப்பலில்தான் மிளகாய் நம்மிடம் வந்தது. அந்தக் கணக்கில் யார் எவ்வளவு இழந்தார்கள் என்பதை ஆற்றங்கரைச் சிலைகள் சொல்வதில்லை. இந்தக் கடைகளில் சாப்பிட்டால் கொஞ்சம் புரியும்.

சந்துச் சுவர்களில் முதியவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பதித்திருக்கின்றன. அங்கேயே வாழ்ந்தவர்கள், அங்கேயே வாழ்பவர்கள். அந்தப் படங்களின் அருமை மேலே போகப் போகத்தான் உறைக்கிறது. கிராஸா குன்றின் காட்சிமேடையில் மூச்சு வாங்காமல் ஏறி நின்று, செங்கூரைகளையும் கோட்டையையும் ஆற்றையும் ஒருசேரப் பார்த்துவிட்டு, அல்ஃபாமாவுக்குள் இறங்கினோம். நில அதிர்வில் பெரும்பாலும் தப்பிய பழைய பேட்டை. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியிருந்த இடம். வீட்டுக்கு வீடு எண்பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன. சுற்றுலாக்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. வாடகை ஏறி, ஊர்க்குடிகள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் 'வாழ வீடு வேண்டும்' என்று லிஸ்பனில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். சைக்கிள் குழுக்களும் இந்த நெருக்கடியில் ஒரு பங்குதான். அல்ஃபாமா சந்துகளில் எங்கள் வழிகாட்டி யாரையும் ஓட்டவிடவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு, ஜன்னலோரப் பாட்டிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நடக்கவைத்தார். பெருங்குழுவாக மணியடித்துக்கொண்டு போகிறவர்களையும் அன்று பார்த்தேன். அப்படி நடத்தும் பயணத்தில் சேரவே கூடாது.

அல்ஃபாமாவின் நாயகர் நமக்கு மிகத் தெரிந்தவர். உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் நாம் கும்பிடும் அந்தோணியார் லிஸ்பனில், பேராலயத்துக்கு அடுத்த வீட்டில், 1195 வாக்கில் பிறந்தவர். உலகம் அவரைப் பதுவை ஊர்ப் புனிதர் என்பதில் இவர்களுக்கு வருத்தம். ஜூன் 12 இரவு அவருக்காக ஊரே தெருவில் இறங்குகிறது. வாசலுக்கு வாசல் கரியடுப்பு வைத்து மத்தி மீனைக் கல்லுப்பு தூவிச் சுட்டு, ரொட்டித்துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். மீனின் நெய் ரொட்டியில் ஊறும். கடைசியில் அந்த ரொட்டிதான் விருந்து. கூடவே சின்னத் தொட்டியில் துளசி இனச் செடி ஒன்றைக் காதலர்கள் பரிசளித்துக்கொள்வார்கள். மூக்கை வைத்து முகர்ந்தால் செடி வாடும் என்பதால், உள்ளங்கையால் தொட்டுக் கையை முகர்கிறார்கள்.

பிறகு ஆற்றோரச் சைக்கிள் பாதை. மேடில்லை, மோட்டாரை அணைத்துவிடலாம். 1966இல் கட்டிய தொங்கு பாலத்தின் கீழே போகும்போது மேலே ஓடும் வண்டிகளின் இரைச்சல் தேனீக்கூட்டம்போல் கேட்கிறது. சர்வாதிகாரி சலசாரின் பெயரில் இருந்த பாலம், 1974 புரட்சிக்குப் பின் அந்த நாளான ஏப்ரல் 25இன் பெயரைப் பெற்றது.

பாதை முடிவது பெலேமில். 1501இல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடத்துக்கான பணம், ஆப்பிரிக்காவோடும் கீழை நாடுகளோடும் நடந்த வணிகத்தில் விதித்த 5 சதவீத வரி. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளே. துறவுமடங்களை 1834இல் அரசு கலைத்தபின், மடத்தின் முட்டைக் கஸ்டர்டு பண்டத்தைப் பக்கத்துக் கடை 1837 முதல் விற்கிறது. செய்முறை இன்றும் பூட்டிய அறைக்குள். துறவிகள் முட்டை வெள்ளையைத் துணிக்குக் கஞ்சிபோடப் பயன்படுத்தி, மிஞ்சிய மஞ்சள் கருவில் இதைச் செய்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. நொறுங்கும் ஓட்டுக்குள் சூடான கஸ்டர்டு, மேலே கருகிய புள்ளிகள், அதன்மேல் பட்டைத்தூள். அந்தப் பட்டைக்காகத்தான் இவர்கள் இலங்கைக் கரையை ஒன்றரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்தார்கள்.

அதே மடத்தின் ஒரு பகுதியில் இருப்பது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில்தான், 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா'வின் பிரதி இருக்கிறது. தமிழ் மொழியில் அச்சேறிய முதல் புத்தகம். தமிழ் எழுத்தில் அல்ல, ரோமன் எழுத்தில். போர்த்துகீசியத்தோடு வரிக்கு வரி சேர்த்த ஜெபநூல். தமிழ் எழுத்து அச்சேற 1578இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்தில்யாவை ஆக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா ட குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் தாங்கிய மூன்று தமிழர்கள். அருங்காட்சியகம் 2022இல் நெடுநாள் சீரமைப்புக்காக மூடப்பட்டது; போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டி விசாரிக்க வேண்டும், திறந்திருந்தால் இந்த நூலைக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் இருந்தால் காட்சிக்கு வைக்கவும்கூடும்.

எங்கள் வழிகாட்டிக்கு இந்தச் செய்தி புதிது. இத்தனை காலம் மடத்தின் வாசலில் காமாவின் கதையைச் சொல்லி வந்தவர், அந்த மூன்று பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, அவர்கள் இங்கே என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்பது. உருளைக்கிழங்கும் தக்காளியும் லிஸ்பன் அடுப்புக்கு வராத காலம். இந்தக் கஸ்டர்டு கடைக்கு இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இருந்தது. ரொட்டியும், மத்தியும், பக்கல்யாவும் இருந்திருக்கும் என்றேன். கருவாட்டை ஊறவைக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.