‘சீ’ என்றால் ‘ஆமாம்’!

“இன்னும் கொஞ்சம் ரொட்டி போடட்டுமா?” என்று கேட்கிறாள் வீட்டுக்கார அம்மாள். “சீ!” என்கிறாள் விருந்தாளி. அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்து, சுடச்சுட இரண்டு சோள ரொட்டிகளைத் தட்டில் வைக்கிறாள். ஸ்பானிஷ் பாஷையில் ‘சீ’ என்றால் ‘ஆமாம்’ என்று அர்த்தம். ‘தூ’ என்றால் ‘நீ’!

மத்திய அமெரிக்காவில் குவாதமாலா நாட்டில் ஆன்டிகுவா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. 1773-ல் பூகம்பம் வந்து இடிந்துபோகும்வரை அதுதான் அந்த நாட்டின் தலைநகரம். இன்று கல் பாவிய தெருக்கள், இடிந்த மாதா கோயில்கள், ஊரைச் சுற்றி மூன்று எரிமலைகள், இவற்றுக்கு நடுவே எங்கே திரும்பினாலும் ஸ்பானிஷ் பள்ளிக்கூடம்! ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். தினம் நாலைந்து மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். சாப்பாடும் படுக்கையும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில். கடைசி பெஞ்சியில் ஒளிந்துகொள்ள வழியே கிடையாது.

அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அங்கே வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது. அவளுடைய வார்டில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கக்கூட இன்னொருவர் தயவை எதிர்பார்த்து அலுத்துப்போனவள் அவள்.

முதல் வாரம் ஒரே உற்சாகம். எழுதியபடியே வாசிக்கலாம். உயிரெழுத்தோ ஐந்தே ஐந்து. இரண்டு மாதத்தில் பண்டிதையாகி விடலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது வாரம் சறுக்கல் ஆரம்பம். தப்பாகப் பேசிவிட்டு, ‘வெட்கமாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, இங்கிலீஷ் ‘எம்பராஸ்’ போலவே ஒலிக்கும் ‘எம்பராசாதா’வை எடுத்து விடுகிறாள். அதற்கு அர்த்தம் ‘கர்ப்பமாக இருக்கிறேன்’! அடுத்து வயதைச் சொல்லப் போகிறாள். ஆண்டுக்கு ‘அஞோஸ்’ என்று பெயர். அந்த ‘ஞோ’வை ‘னோ’ ஆக்கினால் அச்சில் போட முடியாத உடலுறுப்பாகிவிடும். ‘எஸ்தோய் அபுர்ரீதா’ என்றால் ‘எனக்கு அலுப்பாக இருக்கிறது’. ‘சோய் அபுர்ரீதா’ என்றாலோ ‘நான் பிறரை அலுக்க வைப்பவள்’. அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒன்று மட்டும் நம்மவர் போனால் சுலபம். ‘மெ துவேலெ லா கபேஸா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதேதான். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதற்கும் இதே அமைப்பு. இங்கிலீஷ்காரர்கள் இதில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

புத்தகத்தில் இல்லாத சங்கதிகளும் உண்டு. புத்தகம் ‘தூ’வைக் கற்றுக் கொடுக்கிறது. ஆனால் தெருவில் சிநேகிதர்கள் ‘போஸ்’ என்கிறார்கள். வீட்டிலோ மரியாதையான ‘உஸ்தெத்’. கடைக்காரர் ‘ஃபீஹெஸே கே...’ என்று இழுத்தால், கேட்ட சாமான் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். ‘பாருங்களேன், என்னாச்சுன்னா...’ என்று நம் ஊரில் இழுப்பதில்லையா, அது போல!

ஆறாவது வாரம்தான் பொல்லாதது. தெரிந்ததும் மறந்ததுபோல் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இவள் சிரிக்கிறாள். என்ன கேட்டாலும் ஒரே பதில்: “சீ, சீ.” வேலையில் பத்துப் பேருக்கு உத்தரவிட்டவள், இங்கே நாலு வயதுக் குழந்தையாகி விட்டாள். சந்தையில் துணி விற்கும் பெண்கள் பேசுவதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையே என்று இரவில் அழுகிறாள்.

மறுநாள் ஆசிரியை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தப் பெண்கள் பேசியது ஸ்பானிஷே அல்ல, கக்சிக்கெல்! குவாதமாலாவில் இப்படி 22 மாயா பாஷைகள். அவற்றைப் பேசுகிறவர்கள் வெகுகாலம் ஏளனத்துக்கு ஆளானார்கள். தாய்ப்பாஷையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமலே விட்ட பெற்றோரும் உண்டு. அவற்றைத் தேசிய மொழிகளாகச் சட்டம் ஒப்புக்கொண்டதே 2003-ல்தான். ஆன்டிகுவாவின் முன்னோடிப் பள்ளிகளில் ஒன்று, வெளிநாட்டாருக்கு ஸ்பானிஷ் கற்பித்து வந்த பணத்தை மாயா மொழி ஆராய்ச்சிக்குச் செலவிட்டிருக்கிறது.

ஊர் திரும்புமுன் மலைக் கிராம வைத்தியசாலை ஒன்றில் சில நாள் உதவப் போகிறாள் நர்ஸ். கையால் நெய்த ரவிக்கை அணிந்த கிழவி ஒருத்தி எதிரே உட்காருகிறாள். இவள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த வாக்கியம் பிசகில்லாமல் வருகிறது: “எங்கே வலிக்கிறது, அம்மா?”

“சீ” என்கிறாள் கிழவி.

“வயிற்றிலா?”

“சீ.”

“தலையிலா?”

“சீ, சீ.” கூடவே ஓர் அசட்டுச் சிரிப்பு.

அந்த ‘சீ’யை நர்ஸ் நன்றாக அறிவாள். ஆறு வாரமாக அவள் சொன்ன ‘சீ’ அல்லவா அது! நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, வெளியே நின்ற பேத்தியைக் கூப்பிடுகிறாள். பேத்தி வருவதற்குள் கிழவியே நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து, வீங்கியிருந்த தன் முழங்காலின்மேல் வைக்கிறாள்.