சனி பிடித்த சொல்
(சொற்களின் பூர்வீகம் – 17)

மெலன்கலி என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் கரும்பித்தம் என்று பொருள் எனச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கரும்பித்தத்துக்கு அதிபதி யார் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். இடைக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் சொன்ன விடை: சனி.

ஆங்கில நாவல்களில் எப்போதாவது தென்படும் வினையடை 'சாட்டர்னைன்லி'. அழுகையோ புலம்பலோ இதில் இல்லை. கேட்ட கேள்விக்கு முகம் இறுகி, நேரம் கடத்தி, ஒற்றைச் சொல்லில் ஒருவர் பதில் தருகிறார் என்று வையுங்கள். அந்தக் கனத்த, குளிர்ந்த வாட்டத்துக்குத்தான் இந்தப் பெயர்.

வேர்ச்சொல் சாட்டர்ன். ரோமானியர்களுக்கு அவன் விதைப்பின் கடவுள்; அவன் ஆண்டது பொற்காலம் என்று நம்பினார்கள். டிசம்பர் 17-ல் தொடங்கும் அவனுடைய திருவிழாவான சாட்டர்னேலியாவில் பள்ளிகளும் நீதிமன்றங்களும் மூடிக்கிடக்கும். எஜமானர்களே அடிமைகளுக்கு விருந்து படைப்பார்கள். இத்தனை குதூகலமான தெய்வத்தின் பெயர் வாட்டத்துக்கு எப்படிப் போனது?

அவன் பெயரைச் சுமந்த கோளால் வந்த வினை அது. பழங்காலத்தார் வெறுங்கண்ணால் கண்ட ஐந்து கோள்களில் சனிதான் மிக மெதுவானது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள். தொலைவில் மங்கி ஊர்வதால் குளிர்ந்தது, வறண்டது என்றார்கள். அதன் ஆதிக்கத்தில் பிறந்தவரும் அப்படியே இருப்பார் என்ற நம்பிக்கையைச் சுமந்துகொண்டு, 15-ஆம் நூற்றாண்டில் 'சாட்டர்னைன்' ஆங்கிலத்துக்குள் வந்தது. நம் பக்கமும் அதே வானத்தைத்தான் பார்த்தார்கள். வடமொழியில் 'சனைச்சரன்' என்றால் மெல்ல நடப்பவன். தமிழில் மந்தன், காரி என்ற பெயர்கள் உண்டு. புறநானூறு அதை மைம்மீன் என்கிறது. மந்தமும் கருமையும் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டன.

ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் மார்சீலியோ ஃபிச்சீனோவின் ஜாதகத்தில் லக்னத்தில் சனி. அந்த வாட்டத்தோடு வாழ்ந்த அவர், 1489-ல் வெளியிட்ட நூலில், ஆழ்ந்த சிந்தனையும் அதே சனியின் கொடைதான் என்று வாதாடினார்.

ரசவாதிகளோ ஈயத்துக்குச் சாட்டர்ன் என்று பெயர் வைத்தார்கள். ஈய நஞ்சேறும் நோய்க்கு 'சாட்டர்னிசம்' என்ற பெயர் அப்படி வந்தது. ஈயச் சாயம் அரைத்தவர்களுக்கும் ஈயம் உருக்கியவர்களுக்கும் வயிறு முறுக்கியது, மணிக்கட்டு தொய்ந்தது, மனமும் சோர்ந்தது.

இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தொழிலாளிகள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். 'பிறந்த நேரம் அப்படி' என்று ஒருவரின் வாட்டத்தை முடித்துவைக்க இந்தச் சொல் பிறந்தது. ஆனால் அவர்களின் துயரத்துக்கு விடை ஜாதகத்தில் இல்லை. கையில் ஒட்டியிருந்த பொடியில் இருந்தது. முகம் இறுகிப்போன ஒருவரைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, நாளெல்லாம் அவர் எதைச் சுமக்கிறார் என்பதைத்தான்.

வியாழன் தந்த சிரிப்பு, 'ஜோவியல்' – அடுத்த வாரம்.