தாம்பரத்துல கவர்மென்ட் வேலையா? பென்ஷன் உண்டான்னு செக் பண்ணிட்டீங்களா?

``கவர்மென்ட் வேலைன்னா பென்ஷன் வரும்ல?'' சொந்தக்காரங்க கல்யாணத்துல இந்தக் கேள்வியைச் சந்திக்காத இளைஞர்களே இருக்க முடியாது. பதில், நீங்க வேலைக்குச் சேர்ந்த தேதியையும், உங்க ஆர்டர்ல யார் பெயர் இருக்குங்கிறதையும் பொறுத்தது. தாம்பரம் ஸ்டேஷன்ல ஒரே ரயிலுக்குக் காத்திருக்கிற அஞ்சு பேருக்கு அஞ்சு விதமான விதி இருக்கலாம்.

ரயில்வே ஊழியர்: மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். சம்பளத்தில் (அடிப்படை + அகவிலைப்படி) உங்க பங்கு 10%, அரசின் பங்கு 14%. 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ் என்ற இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதில் 25 வருஷம் சர்வீஸ் முடிச்சா, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி பென்ஷன். 10 வருஷம் முடிச்சா குறைந்தபட்சம் மாதம் 10,000 ரூபாய். புதுசா சேர்றவங்க 30 நாளுக்குள் யு.பி.எஸ்-ஐத் தேர்வு செய்யணும். மறந்தா என்.பி.எஸ்-தான்.

விமானப்படை வீரர்: முப்படைக்கு என்.பி.எஸ் கிடையாது, பழைய பென்ஷன்தான். அதிகாரி அல்லாதவர்களுக்கு 15 வருட சர்வீஸ் வேணும். ஆனா, 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 வருஷத்தோட வெளியே வர்ற அக்னிவீரர்களுக்கு பென்ஷன் இல்லை. சேவா நிதின்னு ஒரு மொத்தத் தொகை மட்டும்தான்.

அரசுப் பள்ளி ஆசிரியர்: மாநில அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவங்க, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தாங்க. ஊழியர் 10% கட்ட, அரசும் அதே அளவு போடும். கடைசிச் சம்பளத்தில் 50% உறுதி தரும் புதுத் திட்டத்தை 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவிச்சது.

மெப்ஸ் ஊழியர்: 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற நிறுவனம்னா பி.எஃப் கட்டாயம். சம்பளம் 15,000 ரூபாய்க்குள் இருந்தா, நீங்க கட்டாய உறுப்பினர். நிறுவனம் போடும் 12%-ல் 8.33% பென்ஷன் கணக்குக்குப் போகும். ஆனா, 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையா 15,000-க்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தவங்களுக்கு இந்த பென்ஷன் பகுதி கிடையாது.

கான்ட்ராக்ட் ஊழியர்: பலர் ஏமாறுற இடம் இதுதான். வேலை பார்க்கிறது அரசு அலுவலகமா இருந்தாலும், உங்க ஆர்டர்ல ஒப்பந்ததாரர் பெயர் இருந்தா நீங்க அரசு ஊழியர் கிடையாது, அரசு பென்ஷனும் வராது. உங்க பாதுகாப்பு பி.எஃப் மட்டும்தான். ஒப்பந்ததாரர் பணம் கட்டலைன்னா, வேலை வாங்குற முதன்மை நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். பி.எஃப் பென்ஷனுக்கு மொத்தம் 10 வருட சர்வீஸ் வேணும். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டா, அதுவரையான வருஷங்கள் கணக்கில் இருந்து போயிடும். 3 வருஷம் இங்கே, 4 வருஷம் அங்கே, 3 வருஷம் வேறெங்கோன்னு இருந்தாலும், ஒரே யு.ஏ.என் எண்ணுக்கு மாத்திட்டே வந்தா 10 வருஷம் ஆகிடும். 58 வயசுல பென்ஷன் வரும்.

இன்னிக்கே உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்-பும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்கணும். சம்பளத்தில் பிடிச்சுட்டு பாஸ்புக்கில் வரலைன்னா, சம்பள ரசீதோட இ.பி.எஃப்.ஓ-வில் புகார் கொடுங்க. தாம்பரத்துலேயே அதுக்கு மண்டல அலுவலகம் இருக்கு!