கோழிக்கு வாரக் கணக்கு, பசுவுக்கு வருஷக் கணக்கு

தோட்டத் தோழர்களே! கோவிட் நோய் பரவியதால் 2020 மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கல்யாண விருந்துகள் நின்றன. சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. கோழி வாங்க ஆள் குறைந்ததும் பண்ணைக்காரர் பலர் குஞ்சு விடுவதைக் குறைத்தார்கள். ஐந்தாறு வாரத்தில் வளர்ந்துவிடும் கோழிக்கு அது சரி.

பசுவுக்கு அந்த வழி உண்டா? கடை மூடினாலும் மடி சுரக்கும். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். விற்காத பாலுக்கும் தீனி போட்டே ஆகணும்.

“இருக்கிறத வித்துப்புட்டு அப்புறம் பாத்துக்கலாம்” என்பார்கள் நம்மாளுங்க. சினைப்பசுவை விற்றால், புதுக் கன்று வளர்ந்து பால் கொடுக்க ஏறத்தாழ மூன்று வருஷம் ஆகுமே! முடை வந்தால் காளைக்கன்றை முதலில் விற்போம். மிஞ்சிய பாலைத் தயிராக்குவோம், நெய்யாக்குவோம். சினைப்பசு கொட்டகையிலேயே நிற்கட்டும்.