ஆஸ்பத்திரி ஊழியர்களின் பாட்டுக் கோஷ்டி

ஐந்து மணிக்கு பைலைக் கட்டி வைத்துவிட்டு, மிருதங்கத்தை எடுத்துக் கொண்டு சபாவுக்குப் புறப்படும் மனிதர் தில்லித் தமிழர்களுக்குப் புதியவர் அல்ல. 1946-ல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, கரோல்பாகிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் பாட்டையும் நாடகத்தையும் வளர்த்தவர்களில் சர்க்கார் குமாஸ்தாக்களுக்கும் ஸ்டெனோக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் ஊழியர்களே கோஷ்டி சேர்ந்து ஊர் மக்களுக்குக் கச்சேரி செய்வது என்பது நமக்குச் சற்றுப் புதிய சேதிதான். மேல்நாடுகளில் இது வெகு நாளாக நடந்து வருகிறது. அவற்றில் லண்டன் கோஷ்டி ஒன்றின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது.

தென்கிழக்கு லண்டனில் உள்ளது லூயிஷாம். பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த பகுதி. அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் 2012-ல் பி.பி.சி. டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றுக்காகப் பாட்டுக் கோஷ்டி அமைத்தார்கள். கேரத் மலோன் என்ற இசையாசிரியர் வேலை நடக்கும் இடத்துக்கே போய், பாடத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் திரட்டிப் பயிற்சி கொடுப்பதுதான் அந்த நிகழ்ச்சி. தபால் ஊழியர்கள், விமான நிலைய ஊழியர்கள், குடிநீர்க் கம்பெனி ஊழியர்கள் என்று மற்ற கோஷ்டிகளும் உண்டு. லூயிஷாம் கோஷ்டியில் டாக்டர் நின்றார், நர்ஸ் நின்றார், நோயாளியை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்பவர் நின்றார், ஆபீஸில் பேப்பர் பார்ப்பவரும் நின்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கோஷ்டி கலைந்திருக்கலாம். கலையவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிக்கே ஆபத்து வந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளின் நிர்வாகம் ஒன்று கடனில் மூழ்கியது. அதைச் சரிக்கட்ட, லூயிஷாமின் அவசர சிகிச்சைப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் குறைத்துவிட 2013 ஜனவரியில் சுகாதார மந்திரி ஜெரமி ஹன்ட் முடிவு செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் பட்ட கடனுக்கு நம் வீட்டு அண்டாவை ஜப்தி செய்வது போன்ற காரியம்! ஜனவரி 26-ம் தேதி ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகத் திரண்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. மந்திரிக்கு அப்படிச் செய்ய அதிகாரமில்லை என்று ஜூலை 31-ல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அக்டோபரில் அப்பீலிலும் அதே முடிவு.

அந்த ஆண்டிலேயே கோஷ்டியின் பாட்டு ஒன்று வெளியாயிற்று. பிரபலமான இரு ஆங்கிலப் பாடல்களை இணைத்துப் பின்னிய பாட்டு அது. இரண்டு ஆண்டுகள் அது பெரிதாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2015-ல் இளம் டாக்டர் ஒருவரும் மற்றும் சிலரும் சேர்ந்து, இதைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் அதிகம் விற்கும் பாட்டாக்கிக் காட்டுவோம் என்று கிளம்பினார்கள். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடம் என்பது நம்மவர்களுக்குத் தீபாவளி ரிலீஸ் மாதிரி. எதிரே நின்றவர் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஜஸ்டின் பீபர். அவரோ, ஆஸ்பத்திரிக்காரர்களின் பாட்டையே வாங்குங்கள் என்று தம் ரசிகர்களைக் கேட்டுக் கொண்டார்! முதலிடம் லூயிஷாமுக்கே கிடைத்தது. பீபர் இரண்டாமிடம். வருமானம் தர்ம ஸ்தாபனங்களுக்குப் போயிற்று. வீட்டு நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்கான சங்கம் ஒன்றும், மனநோயாளிகளுக்கான சங்கம் ஒன்றும் அவற்றில் அடங்கும். கொரோனா ஆண்டான 2020-ல் அதே பீபர் அவர்களோடு சேர்ந்து பாடினார்.

வாத்தியமும் குரலும்

வாத்திய கோஷ்டிகளும் இல்லாமலில்லை. நியூயார்க்கில் டாக்டர்களின் வாத்திய கோஷ்டி 1938-லேயே தோன்றிவிட்டது. பாஸ்டன் நகரில் ஆஸ்பத்திரிகள் நெருக்கமாக அமைந்துள்ள லாங்வுட் வட்டாரத்தில் 1982-ல் ஹார்வர்டு மருத்துவ மாணவர்கள் தொடங்கிய கோஷ்டி இன்று டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் நிறைந்த பெரிய கோஷ்டியாக இருக்கிறது. 1991 முதல் அவர்கள் கச்சேரி நடத்தி ஏழை நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குப் பணம் திரட்டித் தருகிறார்கள். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் போய் வாசிக்கிறார்கள். பெர்லினில் 2008-ல் முதல் கச்சேரி செய்த உலக டாக்டர்கள் கோஷ்டியில் பல நாட்டு டாக்டர்கள் தம் கைக்காசைச் செலவழித்து வந்து சேர்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஆல்பர்ட் ஷ்வைட்சர். 1913-ல் ஆப்பிரிக்கக் காட்டில் லாம்பரேனே என்ற ஊரில் ஆஸ்பத்திரி கட்டப் போன டாக்டர். ஆர்கன் வாசிப்பதில் நிபுணர். ஈரமும் பூச்சியும் அரிக்காதபடி துத்தநாகத் தகடு பதித்து, ஆர்கனைப் போலக் கால்கட்டைகளும் பொருத்திய பியானோ ஒன்றைப் பாரிஸ் நண்பர்கள் அவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். பகலெல்லாம் வைத்தியம், இரவில் அந்தப் பியானோவில் சாதகம். பின்னர் ஐரோப்பா திரும்பும் போதெல்லாம் கச்சேரி செய்து ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தார்.

நம் நாட்டிலும் வைத்தியமும் சங்கீதமும் அறிந்த மேதைகள் உண்டு. கர்நூல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் ஸ்ரீபாத பினாகபாணி 1983-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். டாக்டர் சீர்காழி சிவசிதம்பரத்தைத் தெரியாத தமிழர் யார்? ஆனால் இவையெல்லாம் தனி மனிதர்களின் சாதனை.

வாத்திய கோஷ்டி என்றால் பெரும்பாலும் டாக்டர்களாகவே இருப்பானேன்? வயலின் கைவர வேண்டுமானால் ஏழெட்டு வயதிலேயே தகப்பனார் வயலினும் வாங்கித் தர வேண்டும், வாத்தியாருக்குச் சம்பளமும் கட்ட வேண்டும். வார்டு கூட்டுகிறவர் வீட்டில் அதற்கு வழியேது? குரலுக்கு விலையில்லை. அதனால்தான் லூயிஷாமில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க முடிந்தது. நமது ஊர்ப் பஜனை கோஷ்டியின் சூட்சுமமும் இதுவே. மார்கழிக் குளிரில் மப்ளர் சுற்றிக் கொண்டு பாட வருகிறவரிடம் நீ என்ன கிரேடு என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டு நோயைத் தீர்க்கும் என்று அளப்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நம்ப வேண்டியதில்லை. 73 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2015-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை வெளியிட்ட ஆய்வின்படி, ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு இசையால் வலியும் கலக்கமும் குறைகின்றன. வலி மாத்திரையின் தேவையும் குறைகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. படுத்திருப்பவருக்கு வலி குறைவதே பெரிய காரியம்.

தில்லியில்

நியூஜிலாந்து கொடுத்த பணத்தில் அஸ்திவாரமிட்டு, 1956-ல் சட்டமாகி எழுந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உடன் வந்தவர்கள் வெளியே நடைபாதையில் இரவைக் கழிக்கிறார்கள். பேசவும் ஆளில்லாமல், பாஷையும் புரியாமல் காத்திருக்கும் அவர்கள் காதில் அறிவிப்பும் அதட்டலும் தவிர வேறென்ன விழுகிறது? காலையில் பஜனையில் பாடிவிட்டு டியூட்டிக்கு ஓடும் நர்ஸுகளும் லேப் ஊழியர்களும் நம் காலனிகளில் இருக்கிறார்கள். மலையாளம், பஞ்சாபி, வங்காளம் என்று பக்கத்து வீடுகளிலும் இருப்பார்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஷிப்டு மாறும் வேளையில் அரை மணி நேரமும், நிர்வாகத்தின் ஒரு கையெழுத்தும் போதும். ஹார்மோனியமும் ஜால்ராவும் வீட்டிலேயே இருக்கின்றன.