ஆய்வுச் சுவரொட்டி: கடந்து போகிறவரை நிறுத்தி வாசிக்க வைப்பது எப்படி?

1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996-இல் முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இன்று அது இலங்கையின் அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் இயங்குகிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என இந்தக் கரையோர ஊர்களின் பிள்ளைகள் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வு செய்கிறவர்கள். அவர்கள் கையில் எடுக்கும் விடயங்களும் பெரும்பாலும் இந்த மண்ணுக்குரியவை: மருதமுனைத் தறிகள், சம்மாந்துறை வட்டைகளின் நெல், சுனாமிக்குப் பிந்திய குடியிருப்புகள், ஒலுவில் கடலரிப்பு.

ஆய்வரங்கில் எல்லோருக்கும் மேடை கிடைப்பதில்லை. பலருக்குக் கிடைப்பது ஒரு பலகையும் அதில் ஒட்ட ஒரு சுவரொட்டியும்தான். அதைச் சிறிய வாய்ப்பு என்று நினைத்து, ஆய்வேட்டின் பக்கங்களை வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வருட உழைப்பு, யாரும் நின்று வாசிக்காத பொடி எழுத்தாகச் சுவரில் தொங்குகிறது. கொஞ்சம் திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

சுவரொட்டி எதற்காக வந்தது?

ஆய்வுகள் பெருகி, பேச நேரம் போதாமல் போனபோது பிறந்த வழி இது. 1969-இல் மத்ரித் நகரில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் மாநாட்டில் சுவரொட்டி அமர்வு நடந்தது. 1974-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மாநாடு அதை எடுத்துக்கொண்டது. பிறகு எல்லாத் துறைகளுக்கும் பரவியது. அன்றும் இன்றும் அதன் பயன் ஒன்றே: ஆய்வாளரும் பார்வையாளரும் நேருக்கு நேர் நின்று பேசுவது. மேடையில் பேசினால் நூறு பேர் கேட்பார்கள், இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள். சுவரொட்டியின் முன் வருகிற பத்துப் பேரும் கேள்வி கேட்கலாம். ஆய்வு முழுவதையும் சுவரொட்டியில் சொல்லத் தேவையில்லை. வருகிறவரை நிறுத்தி, கேள்வி கேட்க வைத்தாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது.

முதலில் ஒரு வசனம்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் உங்கள் முடிவை ஒரே வசனத்தில் எழுதுங்கள். ஒலுவில் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் வேலை தொடங்கி 2013-இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. இந்தக் கரையில் கடல் மணலைப் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்த்துகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரிபட்டது, துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது.

இதைப் பற்றிய சுவரொட்டிக்கு வழக்கமாக வைக்கப்படும் தலைப்பு இப்படி இருக்கும்: "ஒலுவில் கரையோரப் பிரதேசத்தில் ஏற்பட்டுள்ள புவியியல் மாற்றங்கள் தொடர்பான ஓர் ஆய்வு." இதை வாசித்தவருக்கு எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒலுவில் அலைதடுப்புச் சுவர் மணலை மறிக்கிறது, வடக்கே கரை அரிபடுகிறது, தெற்கே மணல் சேர்கிறது." கடந்து போகிறவர் தலைப்பை மட்டும் பார்த்தாலும் ஆய்வின் முடிவு அவருக்குக் கிடைத்துவிடும். மேலும் அறிய விரும்புகிறவர் நிற்பார்.

எழுதிய வசனத்தை வீட்டில் உம்மாவிடமோ காக்காவிடமோ வாசித்துக் காட்டுங்கள். "அதுக்கு என்ன காரணம்?" என்று அவர்கள் கேட்டால் வசனம் சரி. "என்ன சொல்றாய்?" என்று கேட்டால் திரும்ப எழுத வேண்டும்.

மூன்று தூரங்கள்

பார்வையாளர் மூன்று இடங்களிலிருந்து சுவரொட்டியைப் பார்க்கிறார். நாலைந்து மீற்றர் தூரத்தில் தலைப்பும் பெரிய படமும் மட்டுமே தெரியும். ஒன்றரை மீற்றருக்கு வந்தால் உபதலைப்புகளும் வரைபுகளும் தெரியும். கிட்ட வந்தவர்தான் பந்திகளை வாசிப்பார். ஒவ்வொரு தூரத்திலும் அவருக்கு ஒரு முழுச் செய்தி கிடைக்க வேண்டும். "முடிவுகள்" என்ற உபதலைப்பு எதையும் சொல்லாது. "வடக்குக் கரை ஆண்டுதோறும் பின்வாங்குகிறது" என்பது சொல்லும்.

பெரும்பாலும் கேட்கப்படும் அளவு ஏ0. அகலம் 84.1 சென்ரிமீற்றர், உயரம் 118.9 சென்ரிமீற்றர், பரப்பு ஒரு சதுர மீற்றர். சில ஆய்வரங்குகள் அதில் பாதியான ஏ1 கேட்கும். நெடுக்காகவா குறுக்காகவா என்பதையும் ஏற்பாட்டாளரின் அறிவித்தலில் பார்த்த பிறகே பக்கத்தை அமைக்கத் தொடங்குங்கள். உள்ளடக்கத்தை இரண்டு அல்லது மூன்று நிரல்களாகப் பிரித்து, மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் வாசிப்பு ஓட விடுங்கள். கேள்வி, செய்த முறை, கண்டது, அதனால் என்ன என்ற நான்கு பகுதிகள் போதும். முன்னைய ஆய்வுகளின் மீளாய்வு ஆய்வேட்டிலேயே இருக்கட்டும். மொத்தம் முந்நூறு, நானூறு சொற்களைத் தாண்டாமல் பாருங்கள். வெற்றிடத்தை வீணான இடம் என்று நினைத்து நிரப்ப வேண்டாம். கண் எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் காட்டுகிறது.

2019-இல் அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் மைக் மொரிசன் ஒரு மாற்று அமைப்பை முன்வைத்தார். நடுவில் முடிவு ஒரே வசனமாக மிகப் பெரிய எழுத்தில், இரு பக்கங்களிலும் சுருக்கமான விபரம், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறியீடு. உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றினர். படத்துக்கு இடம் போதாது என்று சிலர் குறையும் சொன்னார்கள். ஒலுவில் போன்ற ஆய்வில் வரைபடமே பாதிக் கதையைச் சொல்வதால், பெரிய வசனத்துக்குக் கீழேயே வரைபடத்துக்கும் பெரிய இடம் கொடுப்பது நல்லது.

எழுத்தும் எழுத்துருவும்

ஏ0 அளவில் தலைப்பு 85 புள்ளிக்குக் குறையக் கூடாது. உபதலைப்பு 40 புள்ளிக்கு மேலும், பந்தி 24 புள்ளிக்கு மேலும் இருக்கட்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஏ4 தாளின் நீளமும் அகலமும் ஏ0-வின் காற்பங்கு. உங்கள் சுவரொட்டியை ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். 24 புள்ளி எழுத்து அதில் 6 புள்ளியாகத் தெரியும். அந்தத் தாளைக் கையில் வைத்துக் கண்ணைச் சுருக்காமல் வாசிக்க முடிந்தால் அளவு சரி.

தமிழில் அமைக்கிறவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் நாட்டில் பாமினி எழுத்துரு இன்னும் பரவலாக உள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அச்சகத்தில் கடைசி நாளில் நேரும் சங்கடங்களில் இதுவும் ஒன்று. நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். முடிந்ததும் எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாக மாற்றி, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் செய்தி தமிழில் ஒன்றரை வரியாகலாம். அதனால் இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளாமல் வரிகளுக்கிடையில் தாராளமாக இடைவெளி விடுங்கள். எழுத்தைச் சாய்ப்பதும் இழுத்து அகட்டுவதும் தமிழுக்கு ஒவ்வாது. அழுத்தம் வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் கொடுத்தால் போதும்.

படம், வரைபு, நிறம்

புள்ளிவிபர மென்பொருள் தந்த அட்டவணையை அப்படியே ஒட்ட வேண்டாம். பன்னிரண்டு நிரல்களில் எந்த எண் முக்கியம் என்று பார்வையாளர் தேடமாட்டார். அந்த ஒரு எண்ணையோ ஒரு ஒப்பீட்டையோ வரைபாக்குங்கள். பட்டை வரைபின் அச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் சிறிய வேறுபாடு பெரிதாகத் தோன்றி வாசகரை ஏமாற்றும். முப்பரிமாணப் பட்டைகளும் அளவைத் திரித்துக் காட்டும். கோட்டின் பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதிவிட்டால், மூலையில் உள்ள குறிவிளக்கத்துக்கும் வரைபுக்கும் கண் அலைய வேண்டியதில்லை. வரைபடத்தில் வடக்குக் குறி, அளவுத்திட்டம், ஒவ்வொரு கரைக்கோட்டுக்கும் உரிய ஆண்டு ஆகிய மூன்றும் கட்டாயம்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். அரிப்பைச் சிவப்பாலும் மணற்சேர்க்கையைப் பச்சையாலும் காட்டினால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். செம்மஞ்சளும் நீலமும் பாதுகாப்பான சோடி. வெள்ளைப் பின்னணியில் கறுத்த எழுத்தும், மேலதிகமாக இரண்டு நிறங்களும் போதும். கடலின் புகைப்படத்தைப் பின்னணியாக வைத்து அதன் மேல் எழுதினால் எழுத்தும் தெரியாது, கடலும் தெரியாது.

புகைப்படத்தின் தரத்தைக் கவனியுங்கள். 21 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு படம் தெளிவாக அச்சாக, அதன் அகலத்தில் குறைந்தது 1,240 படப்புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியே வந்து சேரும். ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

மனிதர்களின் படத்துக்கு இன்னும் பெரிய பொறுப்பு உண்டு. தறியில் இருக்கும் பெண்ணின் முகத்தை அவருடைய அனுமதி இல்லாமல் போடக் கூடாது. படம் எங்கே தொங்கும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேட்க வேண்டும். தயங்கினால் கைகளையும் பாவு நூலையும் எடுத்தால் போதும். 2004 டிசம்பர் 26-இன் சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த இழப்பின் படங்களைக் கவனத்தை ஈர்க்கும் கருவியாக்குவது, இன்னும் இங்கே வாழும் உறவுகளைக் காயப்படுத்தும்.

அச்சும் பயணமும்

தேர்தல் பதாகைகளுக்குப் பயன்படும் பிளெக்ஸ் மலிவானது. ஆனால் மண்டப விளக்கில் பளபளத்து வாசிக்க விடாது. பளபளப்பற்ற தாள் நல்லது. துணியில் அச்சிடும் வசதி இருந்தால் மடித்துப் பையிலேயே கொண்டு போகலாம். புகைவண்டிப் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனையிலிருந்து கொழும்புக்கோ பேராதனைக்கோ பஸ்ஸில்தான் பெரும்பாலும் புறப்பட வேண்டும். தாளானால் உருளைக் குழாயில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். கோப்பின் பிரதி ஒன்று பென்ட்ரைவிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

பலகைக்கு முன் நிற்கும்போது சுவரொட்டிக்கு ஒரு பக்கமாக நில்லுங்கள். உள்ளதை வாசித்துக் காட்ட வேண்டாம். வந்தவர் எந்தத் துறை என்று கேட்டுவிட்டு, கேள்வி, முடிவு, அதனால் என்ன என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும். அவர் சொல்லும் ஒரு குறை, அடுத்த ஆய்வுக்கு வழி திறக்கலாம்.

ஆய்வரங்கு முடிந்த பிறகு

விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் சுவரொட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. ஆனால் தகவல் தந்தவர்கள் தமிழில் பேசியவர்கள். கரைவலை இழுக்க இடமில்லாமல் போன கடற்றொழிலாளி, கேள்விக்கொத்துக்குப் பதில் சொல்ல தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளி, வரம்பில் நின்று விளக்கம் சொன்ன விவசாயி ஆகியோர் அந்த ஆய்வின் முடிவைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே மாணவர்களிடமும் மேற்பார்வையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலச் சுவரொட்டி தயாரானதும் அதன் தமிழ்ப் பிரதி ஒன்றையும் ஏ2 அளவிலாவது அச்சிடுங்கள். தலைப்பு வசனம், ஒரு படம், நான்கு வரி விளக்கம் போதும். தகவல் சேகரித்த ஊரின் கடற்றொழிலாளர் சங்கத்திலோ, பொது நூலகத்திலோ, பிரதேச செயலகத்திலோ அனுமதி பெற்று ஒட்டுங்கள். ஆய்வுக்குத் தகவல் தந்த ஊருக்கு அதன் முடிவைத் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை.